நீலக் காரும் மூன்று விரல்களும்

“ஒருக்காக் கொட்டிலுக்கு வாரும்” என்று சொல்லிக்கொண்டு இவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

காலை பத்து மணியிருக்கும். நான் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். கலியாணம் முடித்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அன்றுவரை இவர் என்னைத் தன் வேலைக் கொட்டிலுக்குக் கூப்பிட்டதே இல்லை. தேத்தண்ணி கொண்டுபோனால்கூட வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். தூசுக்கு எனக்கு மூச்சு முட்டு வந்துவிடும் என்பார். எனக்கு முட்டு வருத்தம் ஒருநாளும் இருந்ததில்லை.

“கையை நல்லாக் கழுவித் துடைச்சிட்டு வாரும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது.”

எங்கள் வேலணை வீட்டின் பின்வளவில், தகரக் கூரை போட்ட அந்தக் கொட்டிலில்தான் இவர் கார், வான் எல்லாவற்றுக்கும் நெளிவெடுத்துப் பெயின்ற் அடிக்கிறார். உள்ளே கடும் நீல நிறத்தில் ஒரு சின்னக் கார் நின்றது. இடதுபக்க முன்கதவிலிருந்து பின்கதவுவரை சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகப் பள்ளம் நிரப்பும் பில்லர் பசை பூசி, பாதி தேய்த்த கோலத்தில் கிடந்தது.

இவர் என் வலக்கையைப் பிடித்து முன்கதவில் வைத்தார்.

“கண்ணை மூடும்.”

“என்னத்துக்கு?”

“மூடுமன். இனி மெதுவாப் பின்பக்கம் இழும். அமத்தாதையும். என்ன தெரியுதெண்டு சொல்லும்.”

ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்தேன். முதலில் வழுவழுப்பான பழைய பெயின்ற். பிறகு சோக்குக்கட்டி போலச் சொரசொரப்பு. அதற்குள் ஓரிடத்தில் என் கை தானாகத் தாழ்ந்து மறுபடி ஏறியது.

“இஞ்சை ஒரு பள்ளம் மாதிரிக் கிடக்கு. தைக்கேக்கை நூல் இழுபட்டாத் துணி சுருங்குமெல்லோ, அது மாதிரி.”

கண்ணைத் திறந்தேன். இவர் கவிழ்த்து வைத்த ஒரு பெயின்ற் வாளியில் உட்கார்ந்திருந்தார். காரைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் வலக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு அது தெரியேல்லை” என்றார். “மூண்டு மாசமா ஒண்டும் தெரியேல்லை.”

அலை அடித்த கதவு

இந்தத் தொடரில் இதுவரை என் வகுப்பறைகளைப் பற்றித்தான் எழுதி வந்திருக்கிறேன். தீவுப் பகுதிப் பள்ளிக்கூடங்களில் மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். தையலும் சமையலும் தவிர உங்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். போன கிழமை இவரிடம் கேட்டேன், உங்கடை கையைப் பற்றி எழுதட்டோ என்று. “எழுதும். பொய் சேர்க்காதையும்” என்றார். ஆகவே நடந்தது நடந்தபடி.

இவர் பெயர் சிவபாதம். ஊரில் பாதமண்ணை. தீவு ஆளில்லாமல் கிடந்த காலத்தில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வவுனியாவுக்குப் போய், அங்கே ஒரு கராஜில் நின்று இந்த வேலையைப் பிடித்துக்கொண்டவர். எங்கள் சம்பந்தம் பேசும்போது என் சித்தப்பா, “ரீச்சர் வேலை பாக்கிற பிள்ளைக்குத் தகரம் தட்டுறவனோ?” என்று கேட்டாராம். பிற்காலத்தில் அதே சித்தப்பா தன் மொறிஸ் மைனரை இவரைத் தவிர வேறு ஒருவரையும் தொட விடவில்லை. அந்தக் கார் திருத்தப்பட்டதைவிடத் தடவப்பட்டதுதான் அதிகம்.

மூன்று மாதக் கதைக்கு வருகிறேன்.

இவர் என்னைக் கொட்டிலுக்குக் கூப்பிட்டதற்கு முதல் மாதம் குறிகட்டுவான் துறைக்கு ஆள் ஏற்றும் வான் ஒன்றுக்கு இவர் கதவு செய்து கொடுத்திருந்தார். நயினாதீவுக்குப் போகிற சனத்தை வள்ளத்தடியில் இறக்கிவிடும் வான். நாலாம் நாள் அதன் சொந்தக்காரர் திரும்பி வந்தார். நல்ல மனிதர், கோபப்படவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, “அண்ணை, வெய்யிலுக்கை பாக்கக் கதவிலை அலை அடிக்குது” என்றார்.

எனக்கு அது அப்போது ஒரு பகிடியாகத்தான் கேட்டது. இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருடத்தில் செய்த வேலை திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. வானை உள்ளே எடுத்து, முழுவதையும் சுரண்டி மறுபடி செய்து கொடுத்தார். பிறகு சாப்பாட்டில் குறை கண்டுபிடிக்கத் தொடங்கினார். மகள் மன்னாரிலிருந்து போன் எடுத்தால், “அம்மாவோடை கதை” என்று நீட்டிவிடுவார். ஓய்வு பெற்ற மனிசியோடு முழுநாளும் ஒரே வளவுக்குள் இருப்பதுதான் இவருக்குக் கஷ்டமாக்கும் என்று நான் எனக்குள் கறுவிக்கொண்டேன்.

அன்று கொட்டிலில் வாளிமேல் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் சொன்னார். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் விறைத்துக் கிடக்கின்றனவாம். விடியப்புறம் விழித்துக் கையை உதறினால் கொஞ்சம் குறையுமாம். தொட்டால், தடித்த கையுறை போட்டுக்கொண்டு தொடுவது போல இருக்குமாம்.

“டொக்டரிட்டைப் போவம்” என்றேன்.

“வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்?”

“அண்ணைக்கும் வலக்கையிலைதான் துடங்கினது.”

இவருடைய தமையன் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து மூன்று வருடம் படுக்கையில் கிடந்தவர். குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, வாயில் சோறு வைத்து, கடைசிவரை பார்த்தது இவர்தான். இந்த மூன்று மாதமும் தனக்கும் அது வருகிறது என்று எண்ணிக்கொண்டு, அதை என்னிடமும் சொல்லாமல், காலையில் எழுந்து கார் தேய்க்கப் போயிருக்கிறார்.

“இந்தக் காரும் திரும்பி வந்தால் நான் கொட்டிலைப் பூட்டிப்போடுவன்” என்றார். “கடும் நீலம். வெள்ளையெண்டாக் கொஞ்சம் மறைக்கும். இது ஒண்டையும் மறைக்காது.”

உப்புக் காற்றும் மழைத் தண்ணியும்

கார் கதவு நெளிந்தால் தட்டி நிமிர்த்திப் பெயின்ற் அடிப்பார்கள், அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன். பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் அதன் பாடு தெரிந்தது.

என்னதான் தட்டினாலும் தகரம் பழையபடி ஒழுங்காக வராது. மிஞ்சுகிற பள்ளங்களைப் பில்லரால் நிரப்ப வேண்டும். சாம்பல் நிறப் பசையோடு அதை இறுக வைக்கும் சிவப்புக் களிம்பைக் கொஞ்சம் சேர்த்துக் குழைத்தால், பழுத்த அன்னாசியும் புது ரப்பர்ச் செருப்பும் ஒன்றாக மணப்பது போல ஒரு மணம் எழும்பும். பூசிக் கையெடுப்பதற்குள் இறுகத் தொடங்கிவிடும். ஆகவே வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடவே பூசிவிட்டு, பிறகு அரத்தாள் சுற்றிய மரக்கட்டையால் தேய்த்துத் தேய்த்து இறக்குவார்கள்.

கஷ்டம் அந்தத் தேய்ப்பில்தான் இருக்கிறது. பில்லர் முடிந்து பழைய பெயின்ற் தொடங்குகிற விளிம்பு கைக்குத் தெரியவே கூடாது. எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று விரல் தேடிக் களைக்க வேண்டும். விளிம்பில் கடதாசித் தடிப்புக்குப் படி நின்றாலும், பெயின்ற் அடித்துக் காய்ந்த பிறகு கண்ணுக்குக் கோடாகத் தெரியும்.

கறுப்புத் தூள் தடவித் தேய்த்தால் சின்னப் பள்ளங்கள் கறுப்பாக நின்று காட்டிக்கொடுக்கும். நீளமாக, மெல்லத் தாழ்ந்து மெல்ல எழும்புகிற பள்ளம் தூளுக்கும் கண்ணுக்கும் தப்பிவிடும். அதை உள்ளங்கையும் விரலும்தான் பிடிக்கும்.

இதில் எங்கள் தீவுக்கென்று தனிக் கரைச்சல்கள் வேறு. தேய்த்து வெளித்த இரும்பை மூடாமல் விட்டால், கடற்காற்றுக்கு மறுநாள் காலை செம்மஞ்சளாகப் பூத்துவிடும். எங்கள் கிணறு உவர். அந்தத் தண்ணியைத் தொட்டு வேலை செய்தால் உப்பு உள்ளே நின்று, ஆறு மாதத்தில் பெயின்ற் கொப்பளிக்கும். அதனால் இவர் மாரியில் தாங்கியில் சேர்த்து வைக்கும் மழைத் தண்ணியை என்னைக்கூடத் தொடவிட மாட்டார். ஒருமுறை அதில் இரண்டு வாளி எடுத்து நான் தலைக்கு வார்த்துவிட்டு வாங்கிய பேச்சு இன்றைக்கும் காதில் நிற்கிறது.

தையல் சோக்கு

அன்றே தொடங்கினோம். டொக்டரிடம் போகவேண்டும் என்ற பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார் என்று தெரிந்ததால், முதலில் காரை முடிப்போம் என்று நானும் விட்டுவிட்டேன்.

நான் கண்ணை மூடிக்கொண்டு தடவுவேன். பள்ளம் பட்ட இடத்தில் என் தையல் சோக்கால் வட்டம் போடுவேன். மேடு பட்டால் பெருக்கல் அடையாளம். இவர் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தேய்ப்பார். பிறகு மறுபடி நான்.

முதல் நாள் சண்டையில்தான் முடிந்தது.

“இஞ்சை மேடு” என்பேன்.

“அதிலை மேடு வர ஞாயமில்லை. நான் அதிலை பூசவே இல்லை.”

“என்ரை கை சொல்லுது.”

“உம்மடை கை இண்டைக்குக் காலமைதான் கராஜுக்கு வந்தது.”

சுத்தியலை எடுத்துத் தட்டிப் பார்த்தார். பில்லரில் இல்லை, தகரமே அங்கே வெளியே தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறது. தட்டி இறக்கினார். எனக்கு உள்ளுக்குள் சந்தோசப் புழுகம் தாங்கவில்லை. வெளியில் காட்டவில்லை.

இரண்டாம் நாள் எனக்கு எல்லாமே பள்ளமாகவும் எல்லாமே மேடாகவும் தெரியத் தொடங்கியது. விரல் களைத்துவிட்டது. இவர் ஒரு பழைய பருத்தித் துணியைக் கொண்டுவந்து என் கைக்கும் கதவுக்கும் நடுவில் வைத்தார். “இனிப் பாரும்.” துணி வழுக்கிக்கொண்டு போக, இருக்கிற பள்ளம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. இவருக்கும் விளக்கம் தெரியாது. “அப்பிடித்தான்” என்றார்.

மூன்றாம் நாள் பின்னேரம் கொட்டிலைச் சாத்தும்போது எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் மூன்று முழுநாள் ஒரே வேலையில் நின்றது இதுதான் முதல் தடவை.

மிஸி வந்தாள்

அந்த நீலக் கார் ஊர்காவற்றுறையிலிருந்து வந்தது. றெஜினா என்ற நேர்ஸுடையது. நாங்கள் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். வேலைக்குப் போகும் வழியில் தெருவுக்குக் குறுக்கே வந்த மாட்டை விலத்தப்போய் ஒரு சீமெந்துத் தூணோடு உரசிக்கொண்டாள். மாட்டுக்கு ஒன்றுமில்லை.

நாலாம் நாள் மத்தியானம். நான் கண்ணை மூடிக்கொண்டு பின்கதவின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன்.

“ரீச்சர்?”

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன். கொட்டில் வாசலில் வெள்ளை உடுப்போடு மிஸி நின்றாள். வேலை முடிந்து பஸ்ஸில் போகிற வழியில் காரை ஒரு பார்வை பார்க்க இறங்கியிருக்கிறாள்.

“தூசு துடைக்கிறன், பிள்ளை” என்றேன்.

“கண்ணை மூடிக்கொண்டோ?”

பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்த எனக்கு அடுத்த பொய் வாயில் வரவில்லை. இவர்தான் கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“மிஸி, உள்ளதைச் சொல்லிப்போடுறன். என்ரை கை விறைச்சுப் போச்சு. தடவினாத் தெரியுதில்லை. இவதான் தடவிச் சொல்லுறா, நான் தேய்க்கிறன். உங்களுக்கு விருப்பமில்லையெண்டாச் சொல்லுங்கோ, காரை யாழ்ப்பாணத்திலை நல்ல இடமாப் பாத்து நானே கொண்டுபோய் விடுறன்.”

இதைச் சொல்ல இவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிஸி காரைப் பார்க்கவே இல்லை. கைப்பையை ஓர் ஓரமாக வைத்துவிட்டு இவரிடம் வந்தாள்.

“எந்த விரல் ஐயா?”

இவர் காட்டினார்.

“சின்ன விரல்?”

“அது நல்லாத்தான் கிடக்கு.”

“விடியப்புறம் கூடுதோ? உதறினாக் குறையுதோ?”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்திருக்கிறார். நான் தலையை ஆட்டி இல்லை என்றேன்.

“ஓம்” என்றார்.

“முகம் இழுக்கிறது, கதை தடக்குறது, கால் பலமில்லாமல் போறது, அப்பிடி ஏதும்?”

“ஒண்டுமில்லை.”

மிஸி இவருடைய இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் நிலத்தைப் பார்க்க மணிக்கட்டை மடித்துப் பிடிக்கச் சொன்னாள். அரை நிமிடம்கூடப் போகவில்லை. இவர் முகத்தைச் சுளித்தார்.

“கரண்ட் அடிக்கிற மாதிரி ஓடுது, மிஸி.”

மிஸி சிரித்தாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இந்த மனிசன் நோகுது என்கிறார், இவள் என்ன சிரிக்கிறாள் என்று.

“இது மணிக்கட்டுக்குள்ளை ஒரு நரம்பு நெரிபடுறது போலை கிடக்கு” என்றாள். “இவ்வளவு காலமும் கட்டையை இறுக்கிப் பிடிச்சுத் தேய்ச்சதுக்கு வந்திருக்கும். தையல் மெசினோடை இருக்கிற ஆக்கள், பால் கறக்கிற ஆக்கள் எண்டு எத்தினை பேர் இதுக்கு வாறவை. நான் டொக்டரில்லை, கட்டாயம் காட்டத்தான் வேணும். சும்மா விட்டாக் கை மெலிஞ்சு போயிடும். ஆனாச் சுகமாக்கக்கூடிய வருத்தம் ஐயா.”

இவர் தன் சின்ன விரலை மடித்து நீட்டிப் பார்த்தார். பிறகு கேட்ட குரல் இவருடைய குரல் மாதிரியே இல்லை.

“அப்ப இது பாரிசவாதம் இல்லையோ?”

“பாரிசவாதத்துக்குச் சின்ன விரலை விட்டுவைக்கத் தெரியாது, ஐயா.”

நான் இரண்டு கையாலும் காரைப் பிடித்துக்கொண்டேன்.

“ரீச்சர்! கையை எடும்! பில்லரிலை வேர்வை படப்போகுது!” என்று இவர் கத்தினார்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து இவர் என்னை ரீச்சர் என்று கூப்பிட்டதில்லை. மூன்று பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. முடியும்போது கண்ணெல்லாம் தண்ணி. மிஸி என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

போகும்போதுதான் காரைத் திரும்பிப் பார்த்தாள். “நீங்கள் ரெண்டு பேருமே முடியுங்கோ” என்றாள்.

நீலம்

இரண்டு நாளில் முடித்தோம். கடைசித் தடவலில் விளிம்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. சோக்கை மடியில் செருகிக்கொண்டு நின்றேன். “என்ன?” என்றார். “ஒண்டுமில்லை” என்றேன். “ஒண்டுமில்லையெண்டா?” “ஒண்டுமே இல்லை.” அன்று பின்னேரமே அடிப்பூச்சாகப் பிறைமர் அடித்தார். அது காய்ந்த பிறகு மழைத் தண்ணி தொட்டு மெல்லிய அரத்தாளால் மறுபடி ஒரு தேய்ப்பு, மறுபடி ஒரு தடவல்.

நீலம் அடித்த நாளில் காற்று விழுந்து கிடந்தது. புதுப் பெயின்ற்றைக் கதவோடு வெட்டி நிறுத்தாமல், பக்கத்துத் தகரத்தின் பழைய நீலத்துக்குள் புகையைப் போலக் கரைய விட்டார். அதற்கு விரல் தேவையில்லை, தோளும் கண்ணும் போதும். அவை இவருக்கு அப்படியே இருந்தன. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு மூச்சுவிடவே பயமாக இருந்தது.

அடுத்த நாள் காரை வெளியே எடுத்துச் சரிந்த வெய்யிலில் நிறுத்தினோம். இவர் குந்தியிருந்து, முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நீலத்துக்குள் எங்கள் வேலிக் கதியால்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றுகூட நெளியவில்லை.

மிஸி வந்து எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் கார் திரும்பி வரவில்லை. வந்தது மிஸிதான், யாழ்ப்பாணத்தில் எந்தக் கிளினிக், எந்தக் கிழமை என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு.

மணிக்கட்டு

நரம்புச் சோதனையில் அவள் சொன்னதுதான் வந்தது. அந்த நரம்பை விடுவிக்க உள்ளங்கையின் அடியில் சின்னதாக ஒரு வெட்டு. இந்த மனிதர் மூன்று மாதம் பயந்த பயத்துக்கு அது ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். கையை மட்டும் விறைக்க வைத்து, கதைத்துக் கதைத்தே டொக்டர் செய்து முடித்துவிட்டார். வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த நான், கொண்டுபோன விசுக்கோத்துப் பைக்கற்றைப் பிரிப்பதற்குள் இவர் கட்டோடு வெளியே வந்து நின்றார்.

“விறைப்புப் போக நாள் எடுக்கலாம்” என்று டொக்டர் என்னிடம் சொன்னார். “மெத்த மோசமாகிறதுக்கு முதல் வந்திட்டார். ஆனால் முழுக்க வருமெண்டு இப்பவே உறுதி சொல்லேலாது, அம்மா.”

அந்தக் கடைசி வசனத்தை நான் இவரிடம் சொல்லவில்லை. இவர் அதைக் கேட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

கொட்டில் மூடிக் கிடந்தது. வந்தவர்களிடம் இவர் கையைக் காட்டி உள்ளதைச் சொன்னார். ஒருவர் காரை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார். மற்றவர்கள், “சுகமானாப் பிறகு செய்வம், அண்ணை” என்றார்கள். வீட்டில் நான் கை எப்படி என்று கேட்பதில்லை. இவரும் சொல்வதில்லை. விடியப்புறம் உதறுகிற சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

கையில் போட்ட தையல் வெட்டிய நாள் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ் பண்ணைப் பாலத்தைத் தாண்டியது. இரண்டு பக்கமும் கடல் வற்றி, சேறு வெய்யிலுக்கு மினுங்கிக்கொண்டு கிடந்தது. நான் காசைக் கொடுத்தேன். கொண்டக்டர் புத்தகத்திலிருந்து ரிக்கற்றைக் கிழித்து, யன்னல் பக்கம் இருந்த இவருடைய வலக்கையில் திணித்துவிட்டு முன்னே போனார்.

இவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டைதீவுச் சந்தியில் சனம் ஏறியது, நெரிசல் கூடியது. இவருடைய பெருவிரல் ரிக்கற்றின்மேல் மெல்ல அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

“இஞ்சாரும், எத்தினை ரிக்கற் எடுத்தனீர்?”

“ரெண்டு. ஏன்?”

“மூண்டு கிடக்கு.”

வாங்கிப் பார்த்தேன். என் கண்ணுக்கு இரண்டுதான். கீழே இருந்ததை நகத்தால் நெம்பினேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு மெல்லிய தாள்கள் பிரிந்து வந்தன.

நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. நெரிசலுக்கு மேலால் கழுத்தை நீட்டி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார்.

“தம்பி! ஒரு ரிக்கற் கூடத் தந்திட்டீர்!”

கொண்டக்டர் வந்து அதை வாங்கிக்கொண்டு போனார். மற்ற இரண்டையும் இவர் என்னிடம் தரவில்லை. விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார். வேலணையில் இறங்கும்போது அவை இவர் கையில் பஞ்சாகிப் போயிருந்தன.